நேரத்துக்குக் கிளம்பிய படகு

சாப்பாட்டு மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையில் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் அன்று காலை அத்தனை சாதுவாகக் கிடந்தது, கொந்தளிப்பெல்லாம் குவளைக்குள்தான். அத்தை ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டுக் குவளையைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அங்கே மாப்பிள்ளையின் வலது கால், தையல் மெஷினை மிதிப்பதுபோல், யாரும் சொல்லாமலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏண்டி, உன் வீட்டுக்காரருக்குக் கால்ல மோட்டார் எதுவும் வச்சிருக்கா?”

“அது அப்படித்தாம்மா. தரையில இருந்தா ஆடும். தண்ணியில இறங்கினா நின்னுடும்,” என்றாள் மகள், விரல்நுனிகளுக்குக் களிம்பு தடவியபடி.

அவன் வலது காலை இடது காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டான். இப்போது இரண்டும் ஆடின.

விடுமுறைக்காரர்கள் வந்து குவியும் அந்தக் கரைக்குச் சும்மா இருப்பதற்கென்று யாரும் வருவதில்லை. கயிறு கட்டிப் பாறைமேல் ஏறுவார்கள். ஏறுவதே கயிறு கட்டி இறங்குவதற்குத்தான். பலகைமேல் படுத்துக்கொண்டு அலைக்குக் காத்திருப்பார்கள். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு மீனைப் பார்க்கப் போவார்கள்; மீன்கள் இவர்களைப் பார்த்துவிட்டுப் போகும். ஊரில் மாடிப்படி ஏறுவதற்கே அலுத்துக்கொள்கிற மனிதர்கள் இங்கே வந்து காசு கொடுத்து மூச்சு வாங்குவார்கள். காற்றும் அதற்கேற்ற காற்றுதான். ஒரு தடவை அது ஒரு வக்கீலின் பொய்முடியைப் பறித்துக்கொண்டு போய்ப் பாறை இடுக்கில் வைத்தது. கடல்பறவை ஒன்று அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டது. வக்கீல் அடுத்த வருஷம் குடும்பத்தோடு வந்தார், குஞ்சுகளைப் பார்க்க. இந்த மாதிரி ஊரில் அவனுடைய பங்கு, பெரிய ரப்பர் படகு ஒன்றில் ஆட்களை ஏற்றி, ஆளுக்கொரு துடுப்பைக் கொடுத்து, நீர் இறங்கும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் மணல்திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், நண்டும் பறவையும் காட்டி, நீர் ஏறுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது.

கோடை முடிந்தால் ஆட்கள் போய்விடுவார்கள். அதன்பிறகு அவன் வீட்டுக்குள்ளேயே நடப்பான். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. அந்த நடையை யாராவது நேராக நீட்டிவிட்டிருந்தால் வேறொரு நாட்டுக் கடற்கரையில் போய் நின்றிருப்பான். பக்கத்து வீட்டு நாய், ஆரம்பத்தில் இவனைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு கூடவே கிளம்பியது. ஒரு குளிர்காலம் முழுக்க அவனோடு நடந்த பிறகு, இவன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

அத்தை வந்திருந்தது வேடிக்கை பார்க்க அல்ல. கடலே இல்லாத ஒரு ஊரில், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் விசில் ஊதினால் பஸ் கிளம்பும். டிரைவர் ஏறியிருக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம். ஒரு தடவை டிரைவர் இல்லாமலேயே பஸ் புறப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போய் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று டிப்போவில் சொல்லிக்கொள்வார்கள். அந்த டிப்போவின் உதிரிபாகக் கிடங்கில் மாப்பிள்ளைக்கு ஒரு வேலை பேசி முடித்துவிட்டுத்தான் அத்தை வந்திருந்தார். நிரந்தர வேலை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவன் வராவிட்டால் மகளை மட்டுமாவது கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. இதை அத்தை சுற்றி வளைக்காமல், பெட்டியைக் கீழே வைக்கும்போதே சொல்லிவிட்டார்.

மனைவி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆனால் முந்தின நாள் பாத்திரம் கழுவும்போது அவள் அம்மாவிடம் கேட்டது அவன் காதில் விழுந்துவிட்டது. “அந்த வீட்டுச் சுவரு ஈரம் பிடிக்காதுல்லம்மா?” அவ்வளவுதான் கேட்டாள். சுவரைப் பற்றி விசாரிக்கிறவள் பாதிச் சாமானை மனசுக்குள் இறக்கி வைத்துவிட்டாள் என்று அர்த்தம். அப்போதிருந்துதான் அவனுக்கு இரண்டு காலும் ஆட ஆரம்பித்தன.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. குளிருக்காக ஆட்கள் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடைகளைக் கழுவுவது அவள் வேலை. குளிர்ந்த தண்ணீரில் இடுப்புவரை இறங்கியதும் மனிதர்கள் அந்த உடைக்குள்ளேயே என்ன செய்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நீதிபதியும் செய்வார், பல் டாக்டரும் செய்வார், கல்யாணமாகி ஒரு வாரமான பெண்ணும் செய்வாள். கரைக்கு வந்து, “என்ன ஒரு அனுபவம்!” என்று சொல்லிக்கொண்டே உடையை உரித்து அவள் கையில் கொடுப்பார்கள். அவளும் சிரித்த முகமாக வாங்கித் தொட்டியில் போடுவாள். உப்பும் மருந்துத் தண்ணீரும் சேர்ந்து விரல்நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது.

“இன்னிக்கு நானும் வர்றேன்,” என்றார் அத்தை, வெண்ணெய்க் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு. “நீங்க என்னதான் பண்றீங்கன்னு ஒரு தடவை பாத்துடறேன். எத்தனை மணிக்குக் கிளம்பும்?”

“தண்ணியப் பாத்துதான் அத்தை. ஒரு பத்து, பத்தரைக்கு...”

“பத்தா? பத்தரையா?”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் களிம்பு டப்பாவைப் பார்த்தாள்.

“பத்து பத்தரைன்னு ஒரு நேரம் கடிகாரத்துல கிடையாது மாப்பிள்ளை.”

இன்றைக்கு ஒரு நாளாவது, போகும்போதும் வரும்போதும், முள் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் படகை எடுத்துக் காட்டிவிடுவது என்று அவன் அந்த நிமிஷமே தீர்மானித்தான். அந்தத் தீர்மானம்தான் பிறகு எல்லாவற்றையும் செய்தது.

படகுக் கொட்டகையின் சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்திருக்கும். ஆணிக்கு ஒரு மிதவைச் சட்டை. எல்லாம் ஆரஞ்சு நிறம், எல்லாம் ஒரே அளவு. குண்டானவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தொழிலை அவனிடம் விட்டுவிட்டுப் போன பழைய முதலாளி கற்றுக்கொடுத்த ஒரே பாடம், தலையை எண்ணாதே, சட்டையை எண்ணு என்பது. தலை குனியும், முங்கும், போட்டோ எடுக்கிறேன் என்று பாறைக்குப் பின்னால் போகும். சட்டை அப்படியெல்லாம் போகாது. அதுவும் போக, தலை அவர்களுடையது; சட்டை நம்முடையது. இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கு ஒரு நாளும் பிசகியதில்லை. திரும்பி வரும்போது படகின் பின்னால் உட்கார்ந்து வழி திருப்புகிறவனுக்கு ஆரஞ்சு முதுகுகள் மட்டும்தான் தெரியும். எல்லா முதுகும் இருந்தால் எல்லோரும் இருக்கிறார்கள். கரையில் மனைவி சட்டைகளை ஆணியில் மாட்டுவாள். சுவர் நிறைந்துவிட்டால் அன்றைய கடல் மூடியாகிவிட்டது.

பத்து மணிக்குப் படகு கிளம்பியது. அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அது பாராட்டு. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு வேறொருவரும் குறி வைத்திருந்தார்: முழங்காலில் பட்டை சுற்றியிருந்த ஒரு பெரியவர். காலை நீட்ட இடம் வேண்டும் என்றார்.

“நீட்டுங்க. யாரு வேணாங்குறா? பின்னாடி நீட்டுங்க,” என்றார் அத்தை.

முழங்கால்காரர் அவருக்குப் பக்கத்திலேயே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, தன் முழங்காலுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அத்தை ஒவ்வொரு வாக்கியத்திலும் குறுக்கே புகுந்து அதைத் திருத்தினார். படகு திட்டை அடைவதற்குள் அந்த முழங்காலுக்கு அறுவை செய்த டாக்டர், ஆஸ்பத்திரி, அங்கே போன பஸ் எல்லாமே தப்பு என்று தீர்ப்பாகிவிட்டது.

திட்டு அன்று நன்றாகவே வெளியே வந்திருந்தது. ஆட்கள் நண்டைத் துரத்தினார்கள்; நண்டுகள் சிலரைத் துரத்தின. அவன் பறவைகளைக் காட்டினான், பெயர் சொன்னான், பெயர் தெரியாததற்கு அந்த இடத்திலேயே ஒரு பெயர் வைத்தான். இடையிடையே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். வழக்கமாக அவன் பார்ப்பது தண்ணீரின் நிறத்தை. திட்டின் வால்பக்கம் பச்சை கறுக்கத் தொடங்கினால் கிளம்பலாம் என்று அவனுக்குத் தெரியும். அன்று நிறத்தைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தான். முள் சொன்ன நொடியில் விசில் ஊதினான். எல்லோரும் ஏறினார்கள். முதுகுகளைப் பார்த்தான், எல்லாம் இருந்தன. முன்சீட்டில் அத்தையின் தொப்பிகூட நேராக இருந்தது. ஒரு நொடி முன்னே பின்னே இல்லாமல் படகு புறப்பட்டது. அத்தை திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தான். திரும்பவில்லை. சரி, கர்வம், என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பும் வழி அவனுக்குச் சுகமாக இருந்தது. காற்று பின்னாலிருந்து வந்தது, கால் ஆடவில்லை, படகு லேசாக மிதந்து போயிற்று. முன்னால் முழங்கால்காரரின் குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கரை வந்ததும் ஆட்கள் குதித்து வெந்நீர்க் குழாய்களைப் பார்த்து ஓடினார்கள். அவன் பின்பக்கம் நின்று அலையில் படகு திரும்பிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மனைவி சட்டைகளை அள்ளிக்கொண்டு போனாள். அவன் படகை மணலில் ஏற்றிவிட்டுக் கொட்டகைக்கு வரும்போது அவள் கடைசி ஆணியில் கடைசிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். சுவர் நிறைந்திருந்தது.

“என்னங்க, அம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்லல!” அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நொடி தவறாமக் கிளப்பினேன். வாயடைச்சுப் போச்சு.”

அப்போதுதான் முழங்கால்காரர் வந்தார். ஒரு கையில் அத்தையின் பெரிய பை, மறு கையில் அத்தையின் தொப்பி.

“உங்க அத்தை இதுகள விட்டுட்டு எனக்கு முன்னாடியே இறங்கிட்டாங்க போல. நான் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டேன், உப்புத் தண்ணி படுதேன்னு. அதனால கவனிக்கல. கொடுத்துடுங்க தம்பி. ரொம்ப நல்ல மனுஷி. போறப்பதான் அப்படி. வர்றப்ப என் கதை முழுக்கக் கேட்டாங்க. ஒரு தடவைகூடக் குறுக்க பேசல.”



“குறுக்க பேசலையா?” என்றாள் மனைவி.

“ஒரு வார்த்தை பேசல.”

அவள் கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள். “முன்சீட்டுச் சட்டைய நான் இந்தப் பை மேலேர்ந்துதாங்க கழட்டினேன். பை நனையக் கூடாதுன்னு அம்மா மாட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.” பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், “எடம் புடிச்சு வச்சிருக்காங்க,” என்றாள்.

அதுதான் நடந்திருந்தது. ஜன்னல் வழியாகத் துண்டையும் பையையும் எறிந்து சீட்டுப் பிடிக்கிற கூட்டத்துக்கு ஆயுள் முழுக்க நியாயம் சொன்னவர் அத்தை. பொருள் யாருடையதோ இடம் அவருடையது. அவருடைய டிப்போவில் அதற்கு மேல் பேச்சில்லை. மூச்சை அடைக்கிற சட்டையைத் திட்டில் கழற்றியதும், முழங்கால்காரர் முன்சீட்டைக் கொத்திக்கொண்டு போய்விடாமல் இருக்கப் பையை நிமிர்த்தி வைத்து, அதற்குச் சட்டையை மாட்டி, காற்றில் போகாமல் தொப்பியையும் மேலே செருகிவிட்டு, பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போயிருக்கிறார். ஆளுக்குப் பதில் பொருள் என்பது அவருடைய தொழில். சட்டை இருந்தால் ஆள் உண்டு என்பது இவனுடைய தொழில். இரண்டு தொழிலும் எந்தக் குறையும் இல்லாமல் நடந்திருந்தன.

“நீங்க...” என்றாள் மனைவி. “வேணும்னே...” அதற்குமேல் சொல்லவில்லை. போனை எடுத்தாள். அந்தக் கரையில் இருந்த ஒரே மோட்டார் படகு முக்குளிப்பவர்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டது. மீட்புப் படகுக்காரர்கள் பாறைமுனைக்கு அப்பால் இரண்டு அலைச்சறுக்குக்காரர்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். நீர் அதுவரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. அவன் இரண்டு பேர் உட்காரும் ஒல்லிப் படகான கயாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். இரண்டு சட்டைகளை அவள்தான் எறிந்தாள். சுவரில் இரண்டு ஆணி தெரிந்தது.

போகும்போது காற்று முகத்தில் அடித்தது. ஓர் இழுப்பு இழுத்தால் அரை இழுப்பு பின்னால் தள்ளியது. ஆனால் அவனை அதிகமாகப் பின்னால் தள்ளியது காற்றல்ல, முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம்தான். வேணும்னே விட்டுட்டு வந்தீங்களா என்று அவள் முழுசாகக் கேட்டிருந்தால், சத்தம் போட்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாதியில் நின்றதால் மீதியை அவனே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சத்தியமாக அவன் அத்தையை விட்டுவிட்டு வரவில்லை. ஆனால் திரும்பும்போது படகு லேசாக இருந்தது. அந்த லேசை அவன் அனுபவித்தான். ஏன் லேசு என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் துடுப்புப் பிடித்த கை, ஓர் ஆள் குறைந்தால் தெரிந்துகொள்கிற கை, அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டது? துடுப்பு வலித்துக்கொண்டே கையைப் பார்த்தான். கை தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கடலும் அவனுக்குப் பிடிபடவில்லை. காலையில் குவளையைவிடச் சாதுவாக இருந்தது இப்போது பல்லைக் காட்டியது. திட்டின் வால் ஏற்கனவே தண்ணீருக்குள் போயிருந்தது. நடுப்பகுதி ஒரு கட்டில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தக் கட்டில்மேல் வெள்ளைப் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றிருந்தன. வரிசையின் முன்னால் அத்தை, உடுப்பை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. பறவைகள் வரிசையைக் கலைக்காமல் இருந்ததற்கு அவர்தான் காரணமாக இருக்க வேண்டும்.

கயாக் மணலில் இடித்ததும் அத்தை கடிகாரத்தைப் பார்த்தார்.

“லேட்டு.”

“ஏறுங்க அத்தை. தண்ணி ஏறுது.”

“ஏறட்டும். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. மறந்துட்டீங்களா, விட்டுட்டுப் போனீங்களா?”

அவன் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் இப்போது இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது.

“மறந்துட்டேன் அத்தை.”

அத்தையின் முகம் சின்னதாகிவிட்டது. அவன் அதுவரை அந்த முகத்தில் கோபம் பார்த்திருக்கிறான், கிண்டல் பார்த்திருக்கிறான், இதைப் பார்த்ததில்லை.

“விட்டுட்டுப் போயிருந்தாக்கூட ஒரு மரியாதை, மாப்பிள்ளை. ஒருத்திய வேணும்னு விட்டுட்டுப் போகணும்னா அவள நெனைக்கவாவது செய்யணும்.” செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு எனக்கு விழா வச்சாங்க. ஊருக்கு வெளிய ஒரு மண்டபத்துல. எல்லாரும் போறதுக்கு டிப்போலேர்ந்து ஒரு பஸ். எல்லாரும் ஏறினாங்க. நேரமாச்சு. நான் விசில் ஊதினேன். ரைட்டுன்னு கை காட்டினேன். பஸ் போயிடுச்சு. தூசி அடங்கினப்புறம்தான் நானும் அதுல போக வேண்டியவதான்னு தெரிஞ்சுது.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“அங்க மேடையில நாற்காலி காலியா இருந்தப்பதான் அவங்களுக்கும் தெரிஞ்சுதாம். அதுவரைக்கும் யாரும் தேடல. நான் நடந்தே போய்ச் சேர்ந்தேன். பேசினாங்க, கை தட்டினாங்க. ஒருத்தர்கூட எப்படி வந்தீங்கன்னு கேக்கல.” ஓர் அலை வந்து முழங்காலில் அடித்துவிட்டுப் போயிற்று. அத்தை குரலைத் தாழ்த்தினார், பறவைகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல். “இன்னிக்கும் அதேதான். அந்தப் பாறைக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். உங்க விசில் கேட்டுச்சு. கை தானா மேல போயிடுச்சு. ரைட்டுன்னு நானே சொன்னேன். சொல்லிட்டு, எவ்வளவு ஒழுங்காக் கெளம்புதுன்னு பாத்துட்டு நின்னேன்.”

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“சிரிச்சீங்க, இங்கேயே இருந்துடுவேன்.”

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. அவன் படகின் முனையைப் பிடித்துக்கொண்டு இடுப்பு மடங்கச் சிரித்தான். அத்தை கொஞ்ச நேரம் அவனையே முறைத்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது, விக்கல் மாதிரி, நிறுத்தி நிறுத்தி. பறவைகள் மொத்தமாக எழும்பிப் போயின. அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள்: அவை நின்றிருந்த இடத்தில் மணல் இல்லை.

முன்னால் அத்தை, பின்னால் அவன். துடுப்பைப் பிடிக்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிடித்த பிடியிலேயே கடல் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிற தோரணை இருந்தது. பாதி வழியில் மீட்புப் படகு இரைந்துகொண்டு வந்தது. அத்தை துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஒரு கையை உயர்த்தி, “ரைட்டு, ரைட்டு, போலாம்,” என்றார். அந்தப் படகு, அதற்குள் சீருடையில் இருந்த மூன்று ஆட்களோடு, சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டது.



“அவ கேட்டா என்ன சொல்லுவீங்க?” அத்தை திரும்பாமலேயே கேட்டார்.

“நடந்ததச் சொல்றேன். மறந்துட்டேன்னு.”

“அப்படிச் சொன்னீங்கன்னா அவ என்கூட வந்துடுவா.”

“தெரியும் அத்தை.”

“நான் தவற விட்டேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நான் படகத் தவற விட்டேன்னு டிப்போல தெரிஞ்சுதுன்னா...” முடிக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் பெண்கள் வாக்கியத்தை முடிப்பதில்லை. கொஞ்சம் பொறுத்து, “அவ கை பாத்தீங்களா?” என்றார்.

“தினம் பாக்கறேன்.”

“பாக்கறீங்க. உங்களத் தண்ணியில இருந்து வெளிய இழுக்கணும்னு எனக்கு வேண்டுதலா? அந்தக் கையப் பாத்துட்டுத்தான் வேலை பேசினேன்.”

அவன் இழுத்துக்கொண்டே யோசித்தான். கொட்டகைக்குத் திரும்பினால் அவள் இருப்பாள் என்பது அவனுக்கு எப்போதும் தெரியும். ஆணியில் சட்டை இருப்பதுபோல. சுவர் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவன் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

“அத்தை, அந்தக் கெடங்குல ஜன்னல் இருக்கா?”

அத்தை நாலு இழுப்பு இழுத்தார்.

“ஒண்ணு இருக்கு. தொறந்தா சுவரு தெரியும்.”

கரை நெருங்கியது. கொட்டகையும் குழாய்களும் தெரிந்தன. வெந்நீரில் குளித்து முடித்த ஆட்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு, இதுவும் கட்டணத்தில் சேர்ந்ததுதான் என்பதுபோல் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால், தண்ணீருக்குள், மனைவி. காலில் கிடந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கியிருந்தாள். முழங்கால்வரை நின்றவள் இவர்களைக் கண்டதும் இடுப்புவரை நடந்துவந்தாள். ஓர் அலை மார்புவரை ஏறியது, அவள் நிற்கவில்லை. வந்து கயாக்கின் முனையை இரண்டு கையாலும் பிடித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

“நான்தான்...” என்றான் அவன்.

“நான்தான்டி...” என்றார் அத்தை, அதே நொடியில்.

இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். யார் முதலில் தொடர்வது என்று இருவரும் மற்றவருக்காகக் காத்திருந்தார்கள். பின்னாலிருந்து பெரிதாக ஓர் அலை வருவது அவனுக்கு முதுகில் தெரிந்தது. இந்த நேரத்தில் முனையைப் பிடித்திருக்கிறவர் கரைப்பக்கம் இழுக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிவிட்டு விலக வேண்டும். அவள் இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அலை அடியில் புகுந்து முதலில் அவனைத் தூக்கியது, பிறகு அத்தையை, பிறகு முனையை விடாமல் பிடித்திருந்த அவளையும். ஒரு கணம் அவள் கால் தரையில் இல்லை.